மான் வராத இடம்

இருங்கோ பிள்ளை, இருங்கோ. பையை நான் மடியில வைக்கிறன், வெறும் பைதான். தமிழ்தானே? முகத்தைப் பாத்தே நினைச்சனான். இந்தப் போன் இடைக்கிடை டிங் எண்டும், குறை நினைக்காதேங்கோ. ஆக்கள் ஆரும் எடுக்கிறேல்ல. அது கமரா. இஞ்சயிருந்து மூண்டு மணித்தியாலம் வடக்க, காட்டுக்க, ஒரு மரத்தில கட்டியிருக்கிறன். அதுக்கு முன்னால என்ன அசைஞ்சாலும் படம் பிடிச்சு என்ர போனுக்கு அனுப்பும். பாருங்கோ, இப்ப வந்தது அணில். காலமையிலயிருந்து அணில்தான்.

மான் பாக்கத்தான் கட்டினது. வேட்டைக்கு. ஓம் பிள்ளை, மான் வேட்டை, இந்தக் கனடாவிலதான். களவா இல்லை, சோதினை பாஸ் பண்ணி, லைசன்ஸ் எடுத்து, சட்டப்படி. நவம்பரில கொஞ்ச நாளைக்குத் துவக்கோட போக விடுவாங்கள். இண்டைக்கு இந்த வருச வேட்டையின்ர முதல் சனி. நான் இப்ப அங்க நிக்கவேண்டிய ஆள். நிக்கிறது ஆரெண்டு கேளுங்கோ. என்ர மனிசி. என்ர ஒறேஞ்ச் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வானையும் எடுத்துக்கொண்டு, தன்ர தமையனோட நேற்றே வெளிக்கிட்டிட்டாள். நான் இஞ்ச பஸ்ஸில சோத்துப் பாசல் வாங்கப் போறன். மூண்டு நாளைக்கு வீட்டில சமையல் இல்லை.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. எனக்குச் சிரிக்கவும் களைப்பாக் கிடக்கு.

எங்க இறங்கிறனீங்கள்? அப்ப கனதூரம் இருக்கு. சொல்லுறன், கேளுங்கோ. ஆரிட்டயாவது சொல்லவேணும்.

எனக்கு ஊர் ஒட்டுசுட்டான். வன்னி. வன்னி எண்டா காடு எண்டுதான் நீங்களும் கேள்விப்பட்டிருப்பியள். நான் அங்க சங்கக்கடையில மனேச்சர். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கூப்பன், அதுதான் என்ர உலகம். மான் இறைச்சி திண்டிருக்கிறன். கனக்கத் திண்டிருக்கிறன். ஆனா அது ஆரோ வெடி வச்சு, ஆரோ உரிச்சு, ஆரோ கொண்டுவந்து தாறது. நான் துவக்கைத் தொட்டதில்லை. காட்டுக்குள்ள போனது எண்டா ரோட்டால, பஸ்ஸில, யன்னல் பக்கம் இருந்து போனதுதான்.

கலியாணம் கட்டினது யாழ்ப்பாணத்தில, உரும்பிராயில. பிழை விட்டனான் எண்டு சொல்லேல்ல. மலர் நல்ல மனிசி. யோகமலர் எண்டு பேர். ஆனா அவளின்ர ஆக்களுக்கு வன்னியான் எண்டா கொஞ்சம் இளக்காரம். அவளின்ர தமையன் நித்தியானந்தன், நான் நித்தி மச்சான் எண்டு கூப்பிடுறனான், இஞ்ச வீடு கட்டிக் குடுக்கிற கொந்தராத்து, பெரிய ஆள். நான் பள்ளிக்கூடத்தில கூட்டித் துடைக்கிற வேலை. அந்த வீட்டில கொண்டாட்டம் எண்டா ஐஸ் வாங்கிறதும் கதிரை அடுக்கிறதும் ஆர்? நான்தான். வந்த காலம் தொடக்கம் ஐஸ் வாங்கினனான். ஒருத்தரும் வாங்கச் சொல்லிச் சொல்லுறேல்ல. 'மச்சான், ஐஸ் காணாது போலகிடக்கு' எண்டு என்ர பக்கம் பாத்துச் சொல்லுவார். அவ்வளவுதான்.

நாலு வருசத்துக்கு முன்னம் நித்தி மச்சானுக்கு வேட்டை விசர் பிடிச்சது. அவரும் அவரின்ர கூட்டாளி ஞானசேகரமும். ஞானசேகரத்தைத் தெரிஞ்சிருக்கும், பஸ் தரிப்பில எல்லாம் அவற்ற படம் ஒட்டியிருக்கு, வீடு விக்கிறவர். ரெண்டு பேரும் துவக்கு வாங்கியாச்சு, காலுறை வரைக்கும் வாங்கியாச்சு. எங்க போறது எண்டு மட்டும் தெரியாது. கொண்டாட்டத்தில நிண்டு கதைக்கினம். 'காடு தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணுமே' எண்டார் ஞானசேகரம். நித்தி மச்சான் சுத்திப் பாத்தார். 'எங்கட மச்சான் இருக்கிறார், அசல் வன்னியான். அடியைப் பாத்தே ஆண் மானோ பெண் மானோ எண்டு சொல்லுவார்' எண்டார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தினம். நான் ஐஸ் பையோட நிண்டனான். ஓம் எண்டு நான் சொல்லேல்ல பிள்ளை. இல்லை எண்டும் சொல்லேல்ல. 'ஐஸ் கரையுது' எண்டுதான் சொன்னனான். அதை அவையள் பெரிய அடக்கம் எண்டு எடுத்திட்டினம். நித்தி மச்சான் என்ர கையில இருந்த பையை வாங்கி வேற ஒருத்தரிட்டக் குடுத்திட்டு, போத்திலைத் திறந்து முதல் கிளாஸை எனக்கு ஊத்தினார். எனக்கு, முதல்.

நீங்களா இருந்தா சொல்லியிருப்பியளோ, நான் சங்கக்கடை மனேச்சர் எண்டு?

சோதினை எனக்கு ரெண்டாந்தரம்தான் பாஸ். முதல் தரம் வழுக்கினதை ஆருக்கும் சொல்லேல்ல. பேந்து தொடங்கினது அலைச்சல். வேட்டைக்கு முன்னமே போய் இடம் பாக்கவேணும். மான் எங்க நிக்குது, எதால வருது, எதால போகுது எண்டு. அவைக்கு நேரமில்லை. 'நீர் பாத்து வையும், நாங்கள் வாறம்.' செப்ரெம்பரில இருந்து ஒவ்வொரு சனியும் நான் தனிய வானை ஓடிக்கொண்டு போறது. அரசாங்கக் காடு, ஆரும் போகலாம். போகலாம் சரி, திரும்பி வரவேணுமே.

முதல் நாள் நடந்ததைச் சொன்னாச் சிரிப்பியள். ஒரு மரத்தின்ர பேரும் எனக்குத் தெரியாது. இலை முழுக்கச் சிவப்பு, எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி. பெரிய ரோட்டில லொறி போற சத்தம் கேக்குது, ஆனா நாலு பக்கத்தாலயும் கேக்குது. மூண்டு மணித்தியாலம் சுத்தினன். ஒரு கல்லு, யானை படுத்த மாதிரி, அதையே நாலு தரம் கண்டன். நாலாந்தரம் அதுக்குக் கும்பிடு போட்டிட்டு இருந்திட்டன். உண்மையாப் பயந்தனான். இந்த வயசில, ஒரு பொய்யும் சொல்லாம, சும்மா வாயை மூடிக்கொண்டிருந்த குற்றத்துக்கு, ஆருமே இல்லாத காட்டில செத்துப்போகப் போறன் எண்டு நினைச்சன். அடுத்த கிழமை ஒறேஞ்ச் ரிப்பன் வாங்கிக்கொண்டு போய் மரத்துக்கு மரம் கட்டினன்.

இருங்கோ, டிங் எண்டது. காத்து. கொப்பு ஆடியிருக்கு.

பேந்து மெல்ல மெல்லப் பிடிபட்டுது. பின்னேரத்தில யூரியூப் பாப்பன், சனிக்கிழமை போய்ப் பாப்பன். மான் தின்னுறது ஒரு இடம், படுக்கிறது ஒரு இடம், ரெண்டுக்கும் நடுவில ஒரே வழி. எங்கட சனம் வேலைக்கும் வீட்டுக்கும் போற மாதிரித்தான், வழி மாத்தாது. ஆண் மான் கொம்பைத் தேய்ச்ச மரத்தில பட்டை உரிஞ்சு ஈரமாக் கிடக்கும். பிழுக்கை மினுங்கினா இண்டைக்குப் போட்டது, காய்ஞ்சு வெடிச்சா பழசு. கையில எடுத்து நசிச்சுப் பாப்பன், அருவருப்பில்லை. காத்து முதுகுப் பக்கத்தால அடிச்சுதெண்டா வீட்டை வந்திடலாம், மணத்தைப் பிடிச்சு ஒண்டும் வராது. ஒக்ரோபர் கடைசியில நான் மானைக் கண்டன். பீவர் எண்டு ஒரு மிருகம் மரத்தைக் கடிச்சு விழுத்தித் தண்ணியை மறிச்சு அணை கட்டும். அந்த அணைக்கு மேலால வரிசையா நடந்து போகுதுகள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நான் கண்டுபிடிச்சிட்டன்! ஐஸ் வாங்கினவன் மானைக் கண்டுபிடிச்சிட்டான்!

அண்டைக்குப் பின்னேரம் நித்தி மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில ஒரு பெட்டி. எனக்குப் பரிசாம். திறந்து பாத்தா நாலு கத்தி, எலும்பு அறுக்கிற சின்ன வாள் ஒண்டு. 'வெடி வைக்கிறது நாங்கள், உரிக்கிறது நீர். வன்னியான் உரிக்கிறதை ஞானசேகரம் வீடியோ எடுக்கவேணுமாம்.'

பிள்ளை, நான் கோழி கூட வெட்டினதில்லை.

அண்டைக்கு நித்திரையே இல்லை. என்ன செய்யலாம்? மான் விழுந்தா என்ர வேசம் கலையும். மான் விழாட்டி? விழாட்டி ஒண்டுமில்லை. வேட்டையெண்டா கிடைக்கும், கிடையாது. அது வேட்டையின்ர குணம். என்ர குற்றமில்லை.

அதுதான் நான் செய்தனான். அணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகேல்ல. அங்கால, அரசாங்கம் வரிசையா நட்ட பைன் மரக் காடு ஒண்டு. கீழ புல்லுமில்லை, கொட்டையுமில்லை, ஊசி இலைதான். ஒரு பிழுக்கை கூட இல்லை, நான் வடிவாப் பாத்தனான். அங்க கொண்டுபோய் ரெண்டு பேரையும் இருத்தினன். மூண்டு நாள் விறைச்சுக்கொண்டு இருந்தினம். மட்டன் றோல் சாப்பிட்டினம், அரசியல் கதைச்சினம், நான் விரலை வாயில வச்சு 'உஸ்' எண்டா உடன அடங்கிச்சினம். நித்தி மச்சான்! நான் 'உஸ்' எண்டா அடங்கினார்! வீட்டை வந்தும் குறை சொல்லேல்ல. 'மச்சான்ர காட்டறிவு வேற. மான் கெட்டிக்கார மான்' எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சார். கொண்டாட்டத்தில எனக்கெண்டு ஒரு கதிரை. வேற பெடியள் ஐஸ் வாங்கிச்சினம்.

ரெண்டாம் வருசமும் அப்பிடித்தான். நீங்கள் நினைப்பியள், அது லேசான வேலை எண்டு. லேசில்லை. மான் மாறும், வழி மாறும், காத்து மாறும். மான் வராத இடத்தைச் சரியாச் சொல்லவேணும் எண்டா, மான் வாற இடம் முழுக்கத் தெரிஞ்சிருக்கவேணும். ஒவ்வொரு சனியும் போய்த் தேடித் தேடிப் பாத்து, எது மான் இல்லாத இடமோ அதை அவைக்கெண்டு எடுத்து வைப்பன். அந்தக் காட்டில என்னைப் போல மான் தெரிஞ்சவன் இல்லை எண்டு சொல்லுவன். பெருமைக்குச் சொல்லேல்ல.

எனக்கெண்டும் ஒரு இடம் இருக்கு. அதைத்தான் இந்தக் கமரா பாத்துக்கொண்டிருக்கிறது. அணைக்கு அங்கால ஒரு ஓடை, பாயவேணும், ஒரு கால் கட்டாயம் நனையும். கடந்து போனா ஒரு பெரிய மரம் விழுந்து கிடக்கு, பாசி மெத்தை மாதிரி. அதில இருந்து தேத்தண்ணி குடிப்பன். ஒரு பெண் மானும் ரெண்டு குட்டியும் கிட்ட வரும். துவக்கு கொண்டுபோறதில்லை. அங்க நான் வன்னியானுமில்லை, மச்சானுமில்லை. ஆருக்கும் காட்டேல்ல. அணையோட ரிப்பன் கட்டுறதையும் நிப்பாட்டினன். அதுக்கங்கால கல்லில மட்டும் மிதிச்சுப் போவன், அடி விழாது.

மலருக்கு இதுகள் ஒண்டும் விளங்காது. சனிக்கிழமை நான் வந்தா உடுப்புத் தோய்க்கேக்க புறுபுறுப்பாள். 'களிசானின்ர பின்பக்கம் ஒரே பாசி. எங்க போய்க் குந்தியிருக்கிறனீங்கள்? வலக்கால் சப்பாத்து மட்டும் என்னெண்டு நனையுது?' வேட்டைக்காரன் எல்லாத்தையும் மனிசிக்குச் சொல்லுவானே?

அவளுக்கு ஒரு இறைச்சித் தொழிற்சாலையில பக்கிங் வேலை. பெட்டி அடுக்கிறது. விடிய நாலு மணிக்குப் போவாள், ரெண்டு மணிக்கு வருவாள், வந்து சமைப்பாள். படுக்கேக்க வலது மணிக்கட்டில ஒரு பட்டி கட்டுவாள். வயசு போனா எல்லாருக்கும் எங்கயோ ஒரு நோவு. எனக்கு முதுகு.

ஒருக்கா நான் பழகிப் பாப்பம் எண்டு ஆட்டுக் காலொண்டு முழுசா வாங்கிக்கொண்டு வந்தனான். யூரியூபைப் போட்டுக்கொண்டு குசினியில வெட்டுறன். மச்சானின்ர கத்திதான். எலும்பில போய் முட்டுது, வழுக்குது, தசை கந்தலாப் போச்சு. மலர் வந்து கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். கத்தியை என்ர கையிலயிருந்து எடுத்தாள், 'அங்கால போங்கோ' எண்டாள். நான் ரீவி பாக்கப் போட்டன். அவளுக்குப் பொறுமை இல்லை பிள்ளை, எதுக்கும். நான் போய் இருக்க முன்னம் கறி துண்டு துண்டா அடுக்கிக் கிடந்தது.

பேந்து போன வருசம். ஒக்ரோபரில நித்தி மச்சான் சொன்னார், 'மச்சான், இந்த வருசமும் கிடையாட்டி விடுவம். அடுத்த வருசம் கப்பலில சுத்துலாப் போவம்.' நவம்பர் கடைசியில அவருக்கு அறுபதாவது பிறந்தநாள், மான் கறி தாறன் எண்டு எல்லாருக்கும் சொல்லியும் போட்டார். எனக்கு விளங்கிச்சு. வேட்டை நிண்டா நான் ஆர்? கப்பலுக்கு வன்னியான் எதுக்கு? மான் விழுந்தாலும் நான் முடிஞ்சன், விழாட்டியும் முடிஞ்சன். ரெண்டு கிழமை யோசிச்சன். கடைசியில நினைச்சன், ரெண்டு வருசம் யூரியூபில பாத்தனான்தானே, ஒருமாதிரிச் சமாளிப்பன் எண்டு.

அணைக்குக் கூட்டிக்கொண்டு போனன். காத்துப் பாத்து இருத்தினன். 'எட்டரைக்கு வரும், அந்தக் காய்ஞ்ச மரத்தடியால' எண்டு சொன்னனான். எட்டு நாப்பதுக்கு வந்தது பிள்ளை! ஆண் மான், நல்ல கொம்பு. நித்தி மச்சான் ஒரே வெடி. அது பாய்ஞ்சு பத்தைக்குள்ள போட்டுது. அவை ரெண்டு பேரும் திகைச்சுப் போய் நிக்கினம். நான்தான் இலையில ரத்தப் பொட்டைப் பாத்துப் பாத்துப் போய்க் கண்டுபிடிச்சன். என்ர வாழ்க்கையில அந்தப் பத்து நிமிசம் மாதிரி ஒண்டு வரேல்ல. நித்தி மச்சான் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதார்.

அழுதிட்டு, கத்தியை எடுத்து நீட்டினார். ஞானசேகரம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.

நான் குனிஞ்சன். வயித்தில கையை வச்சன். சூடு. இன்னும் சூடு. எங்க தொடங்கிறது எண்டு யூரியூபில பாத்தது ஒண்டும் ஞாபகம் வரேல்ல. எவ்வளவு நேரம் குனிஞ்சு கொண்டு நிண்டனோ தெரியாது. நித்தி மச்சான் 'என்ன மச்சான், பிரார்த்தனையோ?' எண்டார். நான் நிமிந்தன். 'எனக்குத் தெரியாது' எண்டன். 'நான் சங்கக்கடையில மனேச்சர்' எண்டன்.

ஞானசேகரம் போனைக் கீழ இறக்கினார். நித்தி மச்சான் என்னைப் பாக்கிறார், மானைப் பாக்கிறார். ஏசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அவைக்கும் தெரியாது. ஞானசேகரம் யூரியூபைப் போட்டார், அது சுத்திக்கொண்டே நிக்குது, அங்க சிக்னல் அவ்வளவுதான். எனக்கு ஆரோடயாவது கதைக்கவேணும் போல இருந்தது. மலருக்கு எடுத்தன். எடுத்து, நடந்ததைச் சொல்லி, 'மானம் போட்டுது' எண்டன். அவள் அதைக் கேக்கேல்ல. 'எங்க பட்டது, நெஞ்சிலயோ வயித்திலயோ?' எண்டு கேட்டாள். நெஞ்சில எண்டன். எந்த இடம், எதால வாறது எண்டு கேட்டிட்டு, 'ஒருத்தரும் தொடாதேங்கோ. வாறன்' எண்டாள். நாங்கள் மச்சானின்ர வாகனத்தில போனனாங்கள், வான் வீட்டிலதான் நிண்டது.

மூண்டு மணித்தியாலம் நாங்கள் மூண்டு ஆம்பிளையளும் ஒரு செத்த மானைச் சுத்தி இருந்தம். மட்டன் றோல் இருந்தது. ஒருத்தரும் தொடேல்ல.

வந்தாள். ரிப்பனைப் பிடிச்சுக்கொண்டு நேரா வந்தாள், ஒரு இடமும் பிசகேல்ல. முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சப்பாத்து, இடது கையில இரும்புக் கம்பி பின்னின கையுறை, இடுப்பில கத்தி, எல்லாம் வேலையில பாவிக்கிறது. 'மூண்டு மணித்தியாலமா வயித்தைத் திறக்காம வச்சிருக்கிறியள், குளிர் எண்டபடியால் தப்பிச்சுது' எண்டாள். முழங்காலில இருந்தாள். ரெண்டு விரலைக் கத்திக்குக் கீழ குடுத்து மேல இருந்து கீழ ஒரே கோடு. குடலில படவே இல்லை. கையை உள்ளுக்க விட்டு எங்கயோ ஒண்டை அறுத்தாள், முழுக்க ஒரே இழுவையில வெளிய வந்திட்டுது. பேந்து தோல். பேந்து தோள், தொடை, முதுகு. எலும்பு எங்க பொருந்துது எண்டு கத்திக்கே தெரியும் போல. நாப்பது நிமிசம். நெத்தியில விழுந்த மயிரை முழங்கையால தள்ளினது தவிர நிக்கவே இல்லை.

நித்தி மச்சான்தான் வாய் திறந்தார். 'மலர், நீ பெட்டியெல்லோ அடுக்கிறனி?'

'பெட்டிக்குள்ள போறதை ஆர் வெட்டுறது அண்ணை?' எண்டாள். தலையை நிமித்தேல்ல. 'பதினாலு வருசம். பன்றித் தோள், ஒரு நாளைக்கு எண்ணூறு.'

நித்தி மச்சான் கந்தசட்டி விரதம் பிடிக்கிற ஆள், பன்றி எண்ட பேரே வீட்டில எடுக்கேலாது. ஞானசேகரம் மரத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. 'பக்கிங் எண்டெல்லோ சொன்னனீர்?' எண்டு நான் கேட்டன். அப்பதான் நிமிந்து பாத்தாள். 'நீங்கள்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னனீங்கள். வேலை கிடைச்ச அண்டைக்கு. உம்மட ஆக்கள் ஒருமாதிரி நினைப்பினம், பக்கிங் எண்டு சொல்லும் எண்டு.'

சொன்னனானோ தெரியேல்ல பிள்ளை. சொல்லியிருப்பன். சொல்லிச் சொல்லி எனக்கும் அது பக்கிங்காவே போச்சுதோ என்னவோ.

அதோட விட்டிருக்கலாம். விடேல்ல. கத்தியைப் புல்லில துடைச்சுக்கொண்டு சொல்லுறாள், எல்லாருக்கும் முன்னால: 'மான்ர பிழுக்கையைக் கையில எடுத்து, இது இண்டையானோ நேற்றையானோ எண்டு பாக்கிறியள். நான் விடிய நாலு மணிக்குப் போய் என்ன செய்துபோட்டு வாறன் எண்டு ஒருநாள் கேட்டியளே?' சத்தம் போடேல்ல. மெல்லத்தான் சொன்னவள். தமையனும் கூட்டாளியும் நிக்கேக்க புருசனை அப்பிடிக் கேக்கிறது நியாயமே, நீங்கள் சொல்லுங்கோ. நான்தானே அண்டைக்கு மானைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவன்.

யன்னலால வெளிய பாக்கிறியள். சரி.

நித்தி மச்சான் என்னோட கோவிக்கேல்ல. அதுதான் கொடுமை. அறுபதாவது பிறந்தநாளில மான் கறி. சமைச்சதும் மலர்தான். எல்லாரும் அவளைச் சுத்தி நிண்டு, எப்பிடி வெட்டினனீங்கள், கை நோகாதோ எண்டு கேக்கினம். நித்தி மச்சான் 'என்ர தங்கச்சி' எண்டு தோளில கையைப் போட்டுக்கொண்டு நிக்கிறார். பன்றியைப் பற்றி ஒரு கதை இல்லை. நான் என்ர கதிரையில இருந்தனான். கொஞ்ச நேரத்தால என்ர பக்கம் பாத்தார். 'மச்சான், ஐஸ் காணாது போலகிடக்கு.'

எழும்பிப் போனன். பெடியள் ஆரும் போகட்டும் எண்டு இருந்திருக்கலாம். எழும்பிட்டன்.

இந்த வருசம் அவள் சோதினை எடுத்தாள். முதல் தரத்திலயே பாஸ். போன கிழமை நித்தி மச்சான் போன் எடுத்தார். நான் 'ஹலோ மச்சான்' எண்டன். 'மலரிட்டக் குடும்' எண்டார். நேற்று வெளிக்கிடேக்க அவள் என்னைக் கூப்பிட்டாள், இல்லையெண்டு சொல்லக்கூடாது. 'நீங்களும் வாங்கோ' எண்டாள். முதுகு நோகுது எண்டன். 'எந்தப் பக்கம் இருக்கிறது நல்லம்?' எண்டு கேட்டாள். 'உமக்குத்தானே எல்லாம் தெரியும்' எண்டன். கதவடிக்குப் போனாள். பேந்து என்ர ஜக்கெற்றைக் கொழுவியிலயிருந்து எடுத்தாள். தனக்குப் புதுசு வாங்கி வச்சிருக்கிறாள், அதை விட்டிட்டு என்ரயை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் எண்டு கேக்கேல்ல. கேட்டிருக்கலாம்.

டிங் எண்டுது. அணிலாத்தான் இருக்கும்.

இல்லை. ஆள். பாருங்கோ, ஒறேஞ்ச் ஜக்கெற், முதுகுப் பக்கம். ஆரடா இவன் என்ர இடத்தில! அது ஒருத்தருக்கும் தெரியாத இடம் பிள்ளை, ரிப்பன் கூட இல்லை. பொறுங்கோ, பெருசாக்கிப் பாப்பம். இந்தப் பொக்கற் கிழிஞ்சு நீல நூலால தைச்சிருக்கு.

இது என்ர ஜக்கெற்.

அடுத்த படமும் வந்திட்டுது. விழுந்த மரத்தில இருக்கிறாள். நான் இருக்கிற அதே இடத்தில, பாசியில. பக்கத்தில பிளாஸ்க். துவக்கு இல்லை. நித்தி மச்சானும் இல்லை, தனியத்தான். எப்பிடிக் கண்டுபிடிச்சாள்? அணையில இருந்து நான் கல்லிலதானே மிதிச்சனான், ஒரு அடி கூட இல்லை. வலது சப்பாத்தைப் பாருங்கோ, நனைஞ்சிருக்கு.

பாசி. களிசான்ர பாசி. நனைஞ்ச சப்பாத்து. அட கடவுளே, இவள் மூண்டு வருசமா என்ர தடத்தைப் பாத்திருக்கிறாள். தோய்க்கத் தோய்க்கப் பாத்திருக்கிறாள்.

நான் என்னத்தைப் பாத்தனான், பிள்ளை?

கொஞ்சம் பொறுங்கோ, கண்ணாடியைத் துடைக்கிறன். இன்னொண்டு வந்திருக்கு. எழும்பி வந்து கமராவுக்குக் கிட்ட நிக்கிறாள். நேரப் பாக்கிறாள். வாய் திறந்திருக்கு, என்னவோ சொல்லுறாள். இந்தக் கமராவில சத்தம் வராது, படம் மட்டும்தான். வாயைப் பாத்து உங்களுக்கு ஏதும் விளங்குதோ? எனக்கும் விளங்கேல்ல.

ஓம், என்ர தரிப்பு தாண்டிப் போட்டுது. கண்டனான். போகட்டும், சோறு எங்க போகப்போகுது. இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ, நான் எடுத்துப் பாக்கிறன். அங்க சிக்னல் இருக்கோ தெரியாது.

அடிக்குது.

ஹலோ. மலர். நான்தான். இல்லை, ஒண்டுமில்லை, பஸ்ஸில நிக்கிறன். இல்லை, சாப்பாட்டுக்கில்லை. நீர் இப்ப அந்தக் கமராவுக்கு என்னவோ சொன்னனீர். எனக்குக் கேக்கேல்ல. திருப்பிச் சொல்லும். நேரம் இருக்கு, நீர் சொல்லும், நான் கேக்கிறன்.